சார் தலையாட்டினார்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நான் புடவைகூட மாற்றவில்லை, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஓவர்டைம் முடித்து நேராக வந்திருக்க வேண்டும், ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. "பூங்குழலியோட அம்மாங்க. கோவிந்தம்மா. மாதனூர்லேர்ந்து வர்றேன்" என்றாள்.

பூங்குழலி என் வீட்டுக்காரர் ஜெயசீலனின் மாணவி. ஆம்பூர் பக்கம் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் அவர் ஃபிட்டர் வகுப்பு எடுக்கிறார். வகுப்பில் ஒரே பெண் அவள்தான். போன செவ்வாய்க்கிழமை கிரைண்டிங் மிஷினில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இரும்பை வைத்துப் பிடிக்கிற தாங்கி லூசாக இருந்திருக்கிறது. "சார், இது ஆடுது, ஓட்டட்டுமான்னு கேட்டேன். சார் தலையாட்டினாரு" என்கிறாள் அவள். "என்னை யாரும் கேக்கவே இல்ல" என்கிறார் இவர். ஜெயசீலன் சார் மிலிட்டரிக்காரர், கார்கிலில் பீரங்கி ரிப்பேர் பார்த்தவர், ஆகஸ்ட் பதினைந்துக்கு அங்கே கொடியேற்றுகிறவர். பத்தொன்பது வயசுப் பெண் சொல்வதை எவன் நம்புவான்? தன் தப்பை மறைக்க சார் மேல் பழி போடுகிறாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பேருக்கு ஒரு விசாரணை. அதோடு அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் பேஜார். பீரங்கிச் சத்தத்தில் இவருக்கு இடது காது போய்விட்டது. ஐ.டி.ஐ.யில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். கல்யாணம், சாவு என்று எங்கே போனாலும் நான் இடது பக்கம் உட்கார்ந்து, அவரிடம் கேட்பதற்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். வாயாடி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். நான் இல்லாத இடத்தில் அவர் தலையாட்டுவார். ஆட்டியது அவருக்கே தெரியாது. வீட்டில் நானே இடது பக்கம் நின்று "கோழி வாங்கவா, மீன் வாங்கவா?" என்று கேட்டாலும் தலையாட்டுகிற மனுஷன். அதற்கு நான் எத்தனை நாள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து, "அந்தப் பொண்ணு என் மேல பொய் சொல்லுது ப்ரிசி" என்று கலங்கிப்போய்ச் சொன்னார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் காபி கலக்கப் போனேன், பாவி. இன்று காலை சர்ச்சில் எல்லோரும் பாவ அறிக்கை சொன்னபோது எனக்கு உதடு மட்டும்தான் அசைந்தது.

அவர் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோவிந்தம்மாளுக்கு நான் நாற்காலி போட்டேன். இடது பக்கம் போட்டேன். கை தவறிப் போடவில்லை. அவள் பேசுவது அவர் காதில் விழாமலே போகட்டும் என்றுதான் போட்டேன்.

"கை எப்டிம்மா இருக்குது?" என்று அவர் கேட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். "நாளைக்கு நான் பேசறேன். வெளிய அனுப்ப வேணாம்னு சொல்றேன். தெரியாம சொல்லிட்டேன்னு மட்டும் உங்க பொண்ண ஒத்துக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கோவிந்தம்மாள் குனிந்தபடி முந்தானைக்குள்ளேயே பேசினாள். "வெரலு போனதுக்கு அவ அழல சார். பொய்க்காரின்னு சொன்னாங்களே, அதுக்குத்தான் அழுவுறா. நாலு நாளா சரியா சாப்பிடல. எம் பொண்ணு பொய் சொல்றான்னு நீங்களும் நம்புறீங்களா சார்?"

அவர் தலையாட்டினார். ஆறுதல் சொல்கிற மாதிரி, லேசாகச் சிரித்துக்கொண்டே ஆட்டினார்.

அவள் எழுந்தாள். "சரிங்க சார். வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. போய்க் கேட் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நில்லும்மா!" என்று கத்தினேன். "நீ கேட்டது அவருக்கு விழல. அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து கேளு."

"இன்னாமா சொல்றீங்க?" என்றாள் அவள்.

"ப்ரிசி!" என்றார் அவர். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கோவிந்தம்மாள் பயந்து பயந்து வலது பக்கம் வந்து அதையே மறுபடி கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எங்கம்மா அப்டிச் சொன்னேன்?"

"தலையாட்டுனீங்க" என்றேன். "இப்பத்தான். இவ முகத்தப் பாத்துத் தலையாட்டுனீங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்றாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துச் சுவர் ஓரம் போட்டார். "மிஷின் இது" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "நான் பசங்களுக்கு அரம் புடிக்கக் காட்டிட்டு இருந்தேன். இங்க." எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு இடது கையைத் தூக்கிப் பக்கத்தில் ஒரு உயரத்தில் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு இங்கயா நின்னுச்சு?"

நாங்கள் இரண்டு பேருமே அன்று அங்கே இல்லை. அந்தக் கை நின்ற உயரம் பூங்குழலியின் தோளுயரம்தான் போலிருக்கிறது. கோவிந்தம்மாள் கிட்டே போய், கைக்குக் கீழே இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.