எந்தப் பதினொன்று?

என் வேலை பார்ப்பது. அலுமினியத்தில் வார்த்து நிக்கல் முலாம் பூசி வரும் கதவுக் கைப்பிடிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பூச்சு மங்கலாக இருந்தால் சிவப்புத் தட்டு, பளிச்சென்று இருந்தால் பச்சைத் தட்டு. ஒன்பது வருஷமாக என் கண்ணுக்கு அப்பீல் கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

போன வாரம் சிவப்புத் தட்டு நிரம்பி வழிந்தது. முலாம் தொட்டியைக் கவனித்துவந்த அண்ணனை மேனேஜர் கூப்பிட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தம்தான். அதற்காக மங்கலை மங்கல் இல்லை என்றா சொல்ல முடியும்?

இன்று காலை சரக்கு வாங்க வந்தவர் சிவப்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல என்னம்மா குறை?"

வாங்கிப் பார்த்தேன். அதில் என் மூக்கு தெளிவாகத் தெரிந்தது. மங்கலைக் காணோம்.

"வெளிச்சம் சரியில்ல சார்" என்று சமாளித்து அனுப்பினேன்.

மனசு கேட்கவில்லை. இரண்டு தட்டிலிருந்தும் கலந்து நாற்பது கைப்பிடிகளை எடுத்து, உள்பக்கம் பென்சிலால் எண் போட்டுப் பார்த்தேன். பதினொன்று மங்கல். எண்களைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கலைத்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மறுபடியும் பதினொன்று. அப்பாடா என்று எண்களை ஒத்துப்பார்த்தால் நான்குதான் பழையவை. ஏழு புதியவை!

விளக்கை மாற்றினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாம் தடவை ஒன்பதுதான் மங்கல். இதில் எது நிஜம்? எதுவுமே இல்லையென்றால் அந்த மனுஷனை எதற்கு வீட்டுக்கு அனுப்பினோம்? எனக்குப் பயமாக இருந்தது.

அவருக்கே போன் போட்டேன்.

"அண்ணே, நான்தான். அந்த மங்கல்... எனக்கே இப்ப சந்தேகமா இருக்குண்ணே. தொட்டியில நிஜமாவே ஏதாவது தப்பு நடந்துச்சா?"

"எல்லாம் சரியாத்தாம்மா செஞ்சேன். ஆனா நீ மங்கல்னு சொன்னப்புறம் எடுத்து உத்துப் பாத்தேன். எனக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சுது."

"அண்ணே, மேனேஜர்கிட்ட நான் பேசுறேன். அதுவரைக்கும் வேற எங்கயும்..."

"இன்னிக்குக் காலையில ஒரு இடத்துல வேலை கேட்டுப் போனேம்மா. பழைய இடத்துல ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டாங்க. எனக்கு முலாம் சரியா பூச வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."