எந்த மர்ட்டி?

தன் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கக் கூடாது என்று பிரைடி அத்தை பாதிரியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். எண்பத்தொரு வயதில் அவளை அப்படி ஒரு முடிவுக்குத் தள்ளிய புண்ணியவதி நான்தான்.

நான் ஓய்வு பெற்ற வாத்தியார். கை சும்மா இருக்குமா? அத்தையின் தாத்தா மர்ட்டி சல்லிவன் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவின் பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கத்துக்கு எப்போது வந்தார், எப்படி வந்தார் என்று தோண்ட ஆரம்பித்தேன். கப்பல் பட்டியலில் அந்தக் காலத்துப் பக்கங்களே இல்லை. குடும்பப் பைபிளில் பிறப்புப் பக்கம் கிழிந்திருந்தது. கடைசியில் அயர்லாந்தில் அவருடைய சொந்த ஊரான அலிஹீஸ் கோயில் பதிவிலிருந்து தட்டச்சு செய்து முத்திரை குத்திய ஒரு பட்டியல் தபாலில் வந்தது. மர்ட்டி சல்லிவன், திருமணம் 1886. பிறகு 1901 கணக்கெடுப்பில் அந்த மனைவியும் மூன்று பிள்ளைகளும், கணவன் அமெரிக்காவில். இங்கே எங்கள் மர்ட்டி 1891இல் பாட்டியைக் கட்டியிருக்கிறார்.

அதைப் பெருமையாக அத்தையிடம் வாசித்துக் காட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"அங்க ஒருத்தி மூணு புள்ளைய வெச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டிருக்கா. இவன் இங்க மாப்பிள்ளையா நிக்கிறான். அவன் பக்கத்துல நான் படுக்க மாட்டேன்டி."

அப்பா சுரங்கத்தில் செத்தபோது அத்தைக்கு நாலு வயது. தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது தாத்தாதான். அவரை அவள் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அலிஹீஸ் கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அசல் ஏட்டையாவது பார்க்கச் சொல்வோம் என்ற நப்பாசை. அத்தை எதிரே வேண்டாவெறுப்பாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன். எடுத்தவர் ஃபின்பார் லவுனி, கணக்குப்பிள்ளை.

"எந்த மர்ட்டிம்மா?"

"மர்ட்டி சல்லிவன்."

"அது சரி, எந்த மர்ட்டி? எங்க ஊர்ல கண்ண மூடிக்கிட்டுக் கல்ல விட்டா ஏதாவது ஒரு சல்லிவன் மண்டைலதான் விழும். குடும்பப் பட்டப்பேரச் சொல்லுங்க."

சியாட்டிலில் வளர்ந்த எனக்குப் பட்டப்பெயர் எங்கே தெரியும்? நான் நிரப்பி அனுப்பிய படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

அத்தை டம்ளரை டொக்கென்று வைத்தாள். "பான்! நாங்க பான் வகையறா, வெள்ளைமுடிக்காரங்க!"

"இத ஏன் அத்தை முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியாடி? முத்திரை போட்ட காயிதம்னு நீட்டின, நம்பித் தொலைச்சேன்."

போனில் ஏடு புரளும் சத்தம். அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எண்பத்தாறுல கட்டினவன் ருவா வகையறா, செம்பட்டைமுடிக்காரன். ஓரத்துல சாமியார் எழுதி வெச்சிருக்காரு. பட்டியல் அடிச்ச புண்ணியவான் ஓரத்த விட்டுட்டான். உங்க ஆளு பான் மர்ட்டி, ஞானஸ்நானம் 1866. அதுக்குப் பக்கத்துல என்னமோ இருக்கு, இருங்க... 'இவன் மணமாகாதவன் என்று பியூட் நகரப் பாதிரியாருக்குச் சான்றிதழ் அனுப்பினேன், 1891.' போதுமா?"

என் வயிற்றில் பால் வார்த்தார் அந்த மனிதர். அத்தை சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஏப்ரன் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு நன்றாக அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

அழுது முடித்தவள் தானே பாதிரியாருக்குப் போன் போட்டாள்.

"ஃபாதர், பிரைடி பேசுறேன். நான் சொன்னத அழிச்சிடுங்க. தாத்தா பக்கத்துலயே வைங்க. ஆனா இடப்பக்கமா. சுரங்கத்துல வெடி வெச்சு வெச்சு வலது காது செவிடாயிடுச்சு அவருக்கு. நான் மன்னிப்புக் கேக்கிறது அவர் காதுல விழணும்."