ஒரு வரிசை நேரம்

அண்ணன் உள்ளே வந்ததும் முதல் வேலையாக, சின்னவள் திறந்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்தினான். பெட்டியைக் கதவோரம் நிறுத்தினான். கட்டிலருகே குனிந்து, அம்மாவின் நெற்றியில் கை வைத்து, தான் வந்துவிட்டதாகச் சொன்னான். அம்மா கண் திறக்கவில்லை. விடியற்காலையிலிருந்தே அவள் மூச்சு மாறியிருந்தது. இழுத்து ஒரு மூச்சு, பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, பிறகு மறுபடியும் ஒன்று. இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

சின்னவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

"தூசி வருது," என்றான் அண்ணன்.

"அம்மாவுக்குக் காத்து வேணும்."

அவள் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து, கீழே வைத்திருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அவன் கவனித்தான். ஊதா நிற உல்லன் உருண்டை, ஒரு குரோஷா ஊசி, அதன் நுனியில் தொங்கும் கோணல்மாணலான ஒரு துண்டு. கைக்குட்டை அளவுகூட இல்லை. அம்மா இப்படிக் கிடக்கும்போது உனக்கு இதெல்லாம் எப்படி முடிகிறது என்று கேட்டான். அவள் ஊசியைக் கண்ணிக்குள் விட்டாள். நூல் இரண்டாகப் பிளந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியை வெளியே எடுத்து மறுபடி விட்டாள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுபவள். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, வேனைத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் பிடித்தே பழகிய கைகள். சும்மா இருக்கத் தெரியாமல் அவை வாய்க்குப் போயின. நகத்தைக் கடித்து முடித்து, நகத்தைச் சுற்றியிருந்த தோலைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ் அந்த விரல்களுக்கும் மருந்து தடவிவிட்டு, தன் பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்துக் கொடுத்தாள். வந்தா கத்துக்குங்க, வரலைன்னா தூக்கிப் போடுங்க என்றாள்.

சுலபத்தில் வரவில்லை. போனில் வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு முதல் முடிச்சையே பத்து தடவை போட்டாள். வீடியோவில் வந்த பெண் ஒவ்வொரு முறையும், "அவ்வளவுதான், ரொம்ப ஈஸி" என்றாள். சின்னவளுக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் இருந்தது. சங்கிலிக் கண்ணிகளை அவள் இறுக்கிப் போட்ட இறுக்கில், அடுத்த வரிசைக்கு ஊசி உள்ளே நுழையவே மாட்டேன் என்றது. ஒருவழியாக நுழைந்தபோது வரிசைகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போயின. சதுரமாக வரவேண்டியது ரொட்டித் துண்டைக் குறுக்காக வெட்டியதுபோல வந்தது. ஏன் என்றும் புரியவில்லை.

ஒரு மத்தியானம், கண் மூடிப் படுத்திருந்த அம்மா சொன்னாள்: "கடைசிக் கண்ணியை விட்டுட்டே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாக்கவே இல்லையே."

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு வரிசைக்கும் இருபதுன்னு சொல்றா. நீ வாய்க்குள்ள பத்தொன்பதோட நிறுத்துறே. பிரி."

அம்மா வாழ்நாளில் குரோஷா ஊசியைத் தொட்டதில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பெற்ற பிள்ளைகளுக்கும் பாதி நேரம் டீச்சர்தான். சின்னவள் லைசென்ஸ் எடுத்து, முதன்முதலாக வேனை வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்திய நாளில், அம்மா கீழே இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். "இந்தப் பக்க டயர்ல காத்து கம்மி" என்றாள். படியேறிப் போய்விட்டாள். காற்று கம்மியாகத்தான் இருந்தது. அதுதான் சின்னவளால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

அவள் பிரித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் பிரி என்றாள் அம்மா. பிரித்துப் பிரித்து நூல் சுருள்முடி மாதிரி ஆகிவிட்டது. சாகக் கிடந்தாலும் இவளிடம் ஒரு 'பரவாயில்லை' வாங்க முடியாது என்று நர்ஸிடம் சொன்னபோது, நர்ஸ் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை.

இப்போது அண்ணன் அறைக்கு நடுவில் நின்றுகொண்டு, போன வாரம்கூட நன்றாகத்தானே பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு மோசமாகப் போகும்வரை தன்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்றான்.

"சொன்னேன். சைட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்னே."

அவன் கட்டட இன்ஜினியர். ஆம்புலன்ஸைக் கூப்பிடப்போவதாகச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் போதும். இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருப்பதை அவள் சொன்னாள். நோயாளி ஆயிரம் சொல்வார்கள் என்றான் அவன். அவள் நர்ஸின் நம்பரைப் போட்டு போனை அவன் கையில் கொடுத்தாள். நர்ஸ் என்ன சொன்னாளோ, அவன் "சரிங்க… சரிங்க…" என்று கேட்டுக்கொண்டு, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். பிறகு ஆம்புலன்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்தான். எழுந்தான். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான். தண்ணீர் குடித்தான். மறுபடி உட்கார்ந்தான். அம்மாவின் மூச்சு நிற்கும்போதெல்லாம் அவன் உடம்பு விறைத்தது. அடுத்த மூச்சு வந்ததும் சின்னவளைப் பார்த்தான், அவள் ஏதோ செய்துவிட்டதைப்போல. அவள் முகத்தைத் தூக்கவில்லை. இந்த மூச்சோடு அவள் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு இடைவெளிக்கும் செத்துப் பிழைத்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

அவனுடைய சொந்த போன் அடித்தது. "இதோ வந்துடுறேன். நீ பாத்துக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பார்த்துக்கொண்டே இரு. இத்தனை மாதமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தாள்? ஊசியை எடுத்துப் புது வரிசை ஆரம்பித்தாள். ஒன்று. நூலைச் சுற்றி, இழுத்து, மறுபடி சுற்றி, இழுத்து. இரண்டு. விரலில் நூல் அறுத்தது. ஐந்து, ஆறு. அவன் குரல் கீழே தெருவிலிருந்து கேட்டது. கம்பி வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பத்தில் நூல் பிளந்தது, சரிசெய்தாள். அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை, எதுவும் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டும்தான். பதினெட்டு. பத்தொன்பது. ஓரத்தில் நூலோடு நூலாக ஒளிந்துகிடந்த அந்தக் கடைசிக் கண்ணியை ஊசி முனையால் தேடி, பிடித்து, போட்டாள்.

இருபது.

துண்டைத் தூக்கிப் பார்த்தாள். அந்த ஒரு வரிசை மட்டும் உள்ளே சரியாமல் நேராக நின்றது. சொல்வதற்கு வாயைத் திறந்துகொண்டே அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

இடைவெளி. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். இடைவெளி நீண்டது. மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு கன்னத்தில் வைத்தாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கன்னம் சூடாகத்தான் இருந்தது.

ஜன்னலுக்குப் போனாள். கீழே அண்ணன் போனைக் காதில் வைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "அண்ணா," என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷம்.

அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவனுக்குக் கொடுத்தாள். அவன் பேசி முடித்து, திரும்பி, மேலே அண்ணாந்து அவள் முகத்தைப் பார்க்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓடிவந்தவன் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு நிமிர்ந்தான்.

"எப்போ?"

"தெரியாது."

"தெரியாதா? பக்கத்துலதானே உக்காந்திருந்தே?" அவன் பார்வை நாற்காலியில் கிடந்த நூலுக்குப் போனது. "அம்மா உயிர் போறதைக்கூடப் பாக்காம இதைப் பின்னிக்கிட்டு இருந்திருக்கே."

"ஆமா," என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "நான் ஒரு வரிசை நேரம் பாக்கல. நீ எவ்வளவு நேரம் பாக்கல?"

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அவள் அடுக்களைக்குப் போய், தண்ணீரைச் சூடு பண்ண வைத்தாள்.

நர்ஸ் வந்தாள். இருவருமாக அம்மாவைத் துடைத்து, வேறு புடவை மாற்றினார்கள். நாம் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்துத்தான் பல பேர் போகிறார்கள், இதற்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். எங்கள் அம்மா யாருக்காகவும் நேரம் பார்த்ததில்லை என்றாள் சின்னவள். நர்ஸ் அம்மாவின் இடது கையை நீட்டி மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்த்த டீச்சர்கள், வழுக்கை விழுந்த பழைய மாணவர்கள். அண்ணன் வாசலருகே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அமைதியாகப் போய்விட்டார்கள், ஒரு கஷ்டமும் இல்லை. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தபிறகு, அம்மா தங்கச்சியைப் பார்த்து லேசாகச் சிரித்ததும் அதில் சேர்ந்துகொண்டது.

சின்னவள் டீ தம்ளர்களோடு வந்தவள் தட்டை ஸ்டூலில் வைத்தாள்.

"கையைப் பிடிக்கல," என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து குரோஷா போட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணி எண்ணிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பாத்தப்ப மூச்சு இல்ல. அம்மா சிரிக்கல. இவன் கீழ போன்ல இருந்தான்."

எடுத்த தம்ளரை ஒரு டீச்சர் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். மேல்வீட்டுக்காரர், வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று பொதுவாகக் கேட்டார்.

அண்ணன் அவள் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"ஏன் இப்படிப் பண்றே? உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக்கூடாதுன்னுதானே சொன்னேன்."

"எனக்காகப் பொய் சொல்லாதே. அம்மா உனக்காகச் சொன்னதே போதும்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"தினம் சாயங்காலம் என்ன சொன்னாங்க? நல்லா இருக்கேன்பா, நீ சாப்பிட்டியான்னுதானே? அதைச் சொல்றதுக்கு மத்தியானத்துலேருந்து பேசாம படுத்திருப்பாங்க, குரல் வேணும்னு. போனை வெச்சதும் வாந்தி. கிண்ணத்தை நான் பிடிப்பேன். திட்டெல்லாம் எனக்கு. நல்ல குரல் உனக்கு."

அவன் அடுப்பு மேடையில் சிந்தியிருந்த சர்க்கரையை விரலால் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனான். அதன் பிறகு வந்தவர்களிடம், "போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னான்.

மயானத்திலிருந்து திரும்பி, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. சின்னவள் மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள். மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டாள். அண்ணன் சாப்பாட்டு மேஜையின் முன்னால், குளித்த தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அவனும் எதுவும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான். அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக் கேட்டான்.

அம்மா சொல்லியிருந்தாள். பேச்சு நின்றுபோவதற்கு முன்னால், முந்தாநாள் சாயங்காலம், கண்ணைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். சின்னவள் நூலைக் கீழே வைத்துவிட்டு வாயருகே காதைக் கொண்டுபோனாள். அவன் வர்றான்ல, என்றாள் அம்மா. பசியோட வருவான். ஏதாவது பண்ணிக் குடு. அவ்வளவுதான். சின்னவள் இன்னும் ஏதாவது வருமா என்று அப்படியே குனிந்திருந்தாள். இடுப்பு வலிக்கும்வரை குனிந்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். ரொட்டியைக் கருகாமல் திருப்பிப்போட்டு எடுத்தாள். தட்டை அவன் முன்னால் வைத்த வேகத்தில் கரண்டி தெறித்து மேஜையில் விழுந்தது.

"சாப்பிடு."

அவன் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கையாலேயே பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். சின்னவள் முதுகைக் காட்டித் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.