என் இடது கிட்னி

என் இடது கிட்னி என் கணவர் ஹரிஷ்குமாரின் வயிற்றுக்குள் போன அன்றே மாமியார் அம்புஜம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அன்னிய ரத்தம். ஒட்டிண்டா ஆச்சரியம்தான்."

நான் ஐரின். விவேக் நகரில் வியாழன்தோறும் குழந்தை ஏசு கோவிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. வாழ்க்கைப்பட்டது மல்லேஸ்வரத்து ஐயங்கார் வீட்டில். கல்யாணத்தன்றும் அத்தை ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அதனால் அதிர்ச்சி ஒன்றுமில்லை, எரிச்சல்தான். கிட்னி கொடுக்க முதலில் அவர்தான் முன்வந்தார். சர்க்கரை வியாதி இருந்ததால் டாக்டர் வேண்டாமென்றுவிட்டார். அந்த ஆதங்கமும் என் தலையில்தான் விடிந்தது.

நாலு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் இவருக்குக் கால் வீங்கியது, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியது. பயாப்ஸியில் ரிஜெக்‌ஷன் என்று வந்தது. இவர் உடம்பு என் கிட்னியை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அது போனால் மறுபடி டயாலிசிஸ். கொடுக்க என்னிடம் இன்னொன்று கிடையாது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அத்தை ஆரம்பித்தார். "அப்பவே சொன்னேன். மாட்டுக்கறி சாப்பிட்ட உடம்போட கிட்னி. இவனுக்கு எப்படிச் சேரும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு மாசமா உங்க புள்ள நடமாடினதே அந்தக் கிட்னியாலதான். அப்ப சேந்துச்சு, இப்ப சேரலியா?" என்று கத்தினேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் பார்கவி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மாத்திரை எதையாவது விட்டீர்களா என்றார். விடவில்லை. வெளி மருந்து ஏதாவது? இல்லை என்றேன். அத்தை பெருமையாக வாயைத் திறந்தார்.

"மருந்தெல்லாம் இல்லே டாக்டர். இவ ஆபீஸ் போனப்புறம் தெனம் அம்ருதபள்ளி கஷாயம் மட்டும் வச்சுக் குடுப்பேன். எங்காத்து மாடியிலே வளந்த சீந்தில் கொடி. கொரோனா சமயத்துலே எல்லாரும் அதைத்தானே குடிச்சோம்? எதிர்ப்பு சக்திக்கு நல்லது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அந்த எதிர்ப்பு சக்திதான் கிட்னியைத் தாக்குது. அதை அடக்கி வைக்கத்தான் இத்தனை மாத்திரை. நாங்க அடக்குறோம், நீங்க உசுப்பி விடுறீங்க. கஷாயம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே ஒரு சொட்டு கூடாது."

"நான் குடுத்த கிட்னியா இருந்தா..."

"அதையும் தாக்கும். பெத்த அம்மாவா இருந்தாலும் அந்த உடம்புக்கு நீங்க வேற ஆள்தான்."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாக, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் கட்டிலில் கிடந்த இவரைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய், பயம் மட்டும்தான் மிஞ்சியது.

ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை. ஆனாலும் டயாலிசிஸ் தேவையில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "இனிமேலாவது ஒட்டிக்குமா?"

"ஒட்டாதாம் அத்தை. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இவரு உடம்பு கடைசி வரைக்கும் அதை அன்னியம்னுதான் நினைக்குமாம். நினைச்சுக்கட்டும். அது பாட்டுக்கு அங்கயே இருந்து வேலையப் பாக்கும். எங்கயும் போவாது."

அத்தை மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "அவன் மாத்திரைக்கு நேரமாச்சு," என்றார். "நீயே குடு."