பூவரசநல்லூரின் அடுத்த காரணம்

பூவரசநல்லூரில் கம்ப்யூட்டர்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோனால், அதற்குக் காரணமாக இருக்க ஒரு ஆளை மூன்று நாளுக்குள் நியமித்தாக வேண்டும். அந்த ஆள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் இன்ஜினியர்கள் கம்ப்யூட்டரை எழுப்புவார்கள். காரணம் தெரியாமல் ஓடும் கம்ப்யூட்டரை அந்த ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

நியமிப்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் சந்தேகப் பிரிவு என்று தனியாக ஒரு ஜன்னல் உண்டு. யார்மேல் சந்தேகம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி அங்கே கொடுக்க வேண்டும். எதனால் சந்தேகம் என்று எழுத முன்பு ஒரு கட்டம் இருந்தது. சீட்டு நீளமாகப் போகிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். யார் பெயரில் சீட்டு அதிகமோ அவர்தான் காரணம். அவர் அடுத்த முறை கம்ப்யூட்டர் நின்று வேறு ஆள் கையெழுத்துப் போடும்வரை எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, யார்மேலும் சந்தேகப்படவும் கூடாது. அதைத் தண்டனை என்று சொன்னால் நகராட்சிக்குக் கோபம் வரும். பதவி என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முறை ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் நின்றது. ஆஸ்பத்திரி டோக்கன் நின்றது. ரேஷன் கடை நின்றது. பத்திர ஆபீஸில் ஒரு நிலம் பாதி இவர் பெயரிலும் பாதி அவர் பெயரிலுமாக நின்றது. வெளிநாட்டுக்காரன் சதி என்று மத்தியானம்வரை பேசினார்கள். வெளிநாட்டுக்காரன் வந்து கையெழுத்துப் போடமாட்டான் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். இன்ஜினியர்களே லீவு வேண்டி நிறுத்தியிருப்பார்கள் என்றார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் அணில் என்றார்கள். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு நின்றன என்று ஒரு கணக்கு வாத்தியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சாயங்காலம் டீக்கடையில் யாரோ ஒரு ஆள், அதே பதினொன்று பத்துக்குத்தான் துளசிமணி தன் மாவு மில்லில் மிளகாய் அரைக்கப் போட்டது என்றான். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சந்தேகப் பிரிவு குமாஸ்தா தண்டபாணி மாவு மில்லுக்கு வந்தார். துளசிமணி அப்போது ராகி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாழ்த்துக்கள். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு சீட்டு. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாருக்கும் இத்தனை வந்ததில்லீங்க" என்று காகிதத்தை நீட்டினார்.

"நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லைங்களே சார்."

"அது எழுதறதுக்கெல்லாம் கட்டம் கிடையாதுங்க்கா."

துளசிமணி காகிதத்தை வாங்கவில்லை. ஸ்விட்சைத் தொடாமல் மாவு மில்லை எப்படி ஓட்டுவது? கட்டினவன் வீட்டை விட்டுப் போன மறுநாள் காலை அழுது வீங்கின கண்ணோடு வந்து அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கினவள் அவள். பதினேழு வருஷமாக அதில் வேறு ஒருவர் விரல் பட்டதில்லை. அவளுக்கு வீடு வேறு மில் வேறு இல்லை. மோட்டார் ஓடும்போது மார்புக்குள் ஒரு தைரியம் வரும், அதை வைத்துத்தான் அவள் மற்ற நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"போடமாட்டேனுங்" என்றாள். ராகியைக் கூடையில் தட்டினாள்.

சனிக்கிழமையும் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் போடவில்லை. ஊர் வந்து பேசியது. மரியாதையாகத்தான் பேசியது. உங்களுக்கு என்ன குறைந்துவிடும், பெயருக்கு ஒரு பதவிதானே என்று பேசியது. பேசினவர்கள் யாரும் தங்கள் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு வந்தவர்கள் இல்லை என்பதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். உங்களுக்கு நாக்கு நீளம் என்றார்கள். ஆமாம், அளந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள்.

கடைசியாகச் செல்லமுத்து வந்தார். அவர்தான் அப்போது பதவியில் இருந்த காரணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் நின்றபோது கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு போட்டுக்கொண்டிருந்தவர். எலக்ட்ரீஷியன். அதற்குப் பிறகு பழைய பேப்பர் வாங்கி விற்கிறார்.

"அம்மிணி, நான் உன்னைக் கையெழுத்துப் போடுன்னு சொல்ல வரலை" என்றார். சற்று நேரம் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒருநாள் சம்சாரம் ஊருக்குப் போயிட்டா. இருட்டுல உக்காந்திருந்தேன். ஸ்விட்ச் எட்டற தூரத்துலதான் இருந்துச்சு."

துளசிமணிக்கு அவர்மேல் இரக்கமும் ஊர்மேல் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அன்னிக்கு நீங்க ஏனுங்ணா போட்டீங்க கையெழுத்து?" என்றாள்.

"எல்லாரும் சொன்னாங்க. அத்தனை பேரும் சொல்றப்ப நான்தானோன்னு ஆயிப்போச்சு."

திங்கட்கிழமை காலை மில்லைப் பூட்டிவிட்டு அவள் நேராக சந்தேகப் பிரிவு ஜன்னலுக்குப் போனாள்.

"சார், நான்தான் நிறுத்தினேன்னு எழுதியிருக்கீங்க. சரி. மறுபடியும் மிளகாய் போடறேன், மறுபடியும் நிக்குதான்னு பாருங்க. நின்னா போடறேன் கையெழுத்து."

தண்டபாணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. "ஏற்கெனவே நின்னு கிடக்கறதை எப்படிங்க்கா நிறுத்துவீங்க?"

"அப்ப ஓட வைங்க."

நிறுத்திக் காட்டுவதற்காக ஓட வைப்பது, ஓட வைப்பதாக ஆகாது என்று நகராட்சி தீர்மானம் போட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை இன்ஜினியர்கள் எல்லாக் கம்ப்யூட்டரையும் எழுப்பினார்கள். எப்படியும் நிற்கப் போவதுதானே என்று ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஊர் முழுக்க மில் வாசலில் வந்து நின்றது.

சரியாகப் பதினொன்று பத்துக்குத் துளசிமணி பச்சைப் பொத்தானை அமுக்கி, ஐந்து கிலோ மிளகாயைக் கொட்டினாள். முன்வரிசை தும்மியது. தண்டபாணி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஓடுகிறது என்றார்கள். ரேஷன் கடையும் ஓடியது. மிளகாய் போதாது என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வீடு ஓடி இருந்த மிளகாயை எல்லாம் எடுத்து வந்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் அரைபடாத மிளகாய் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"போதுமா?" என்றாள் துளசிமணி. தலையெல்லாம் சிவப்புத்தூள். சந்தோஷத்தோடு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஊருக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு வாரம் நின்று கிடந்தது, இவள் மில் ஓடும்போது மட்டும் ஏன் ஓடுகிறது என்று கணக்கு வாத்தியார் கேட்டார். மில்தான் ஓட்டுகிறது என்று பின்னால் ஒருவர் சொன்னார். அதைத்தான் நானும் முதலிலிருந்தே சொல்கிறேன் என்று டீக்கடைக்காரர் சொன்னார். தண்டபாணி பையிலிருந்து சந்தேகச் சீட்டுக்கட்டை எடுத்தார். நின்ற இடத்திலேயே முன்னால் நின்றவர் முதுகில் வைத்து எழுதினார்கள். இன்ஜினியர்களும் எழுதினார்கள். கைக்குழந்தைகள் பெயரிலும் எழுதிப் போட்டார்கள். எழுதாதவர்கள் இரண்டே பேர், துளசிமணியும் பதவியில் இருந்ததால் சீட்டு எழுத உரிமை இல்லாத செல்லமுத்துவும்.

தண்டபாணி எண்ணி முடித்தபோது மணி ஒன்று. அங்கேயே ஆணையை எழுதினார்.

"ஓடறதுக்கும் நீங்கதானுங்க்கா காரணம். அதனால இனிமேல் மில்லை நிறுத்தக் கூடாது. ராத்திரியும் ஓடணும். நீங்க இங்கயே படுத்துக்கலாம், நகராட்சி ஒரு கட்டில் குடுக்கும்."

"அப்ப நிறுத்துனதுக்கு நான் காரணம் இல்லைங்களா?"

"இல்லீங்க. அதுக்கு வேற ஆள் கிடைக்கறவரைக்கும் செல்லமுத்தண்ணன்தான் இருக்கணும்."

செல்லமுத்து தலை குனிந்துகொண்டார். துளசிமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வாரம் தொடாதே என்றார்கள், இந்த வாரம் விடாதே என்கிறார்கள். இவர்கள் யார் சொல்வதற்கு?

"எனக்குப் பசிக்குதுங் சார். ஒரு மணியானா நான் மில்லை நிறுத்திட்டுச் சாப்பிடறவ" என்றாள். பிறகு திரும்பி, "செல்லமுத்தண்ணா, இங்க வாங்க" என்றாள்.

அவர் வந்தார்.

"அந்தச் சிவப்புப் பொத்தானை அமுத்துங்க."

"நானுங்களா அம்மிணி?"

"நீங்கதானுங்ணா. என்ற மில்லு. நான் சொல்றேன்."

வேண்டாம் என்று ஊரே கை நீட்டியது. செல்லமுத்து வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அந்தப் பொத்தானைத் தொட்டு, அழுத்தி அமுக்கினார்.

மோட்டார் நின்றது. பெல்ட் நின்றது. ஊரும் நின்றது. நீட்டின கைகள் நீட்டினபடி நின்றன. கணக்கு வாத்தியார் வாய் திறந்தபடி நின்றார். தண்டபாணி ஆணையில் பாதிக் கையெழுத்தோடு நின்றார்.

செல்லமுத்து தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். "மறுபடி போட்டுடட்டுமா அம்மிணி?"

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாங்ணா. இவங்களை இப்படி வெயில்ல விட்டா கறுத்துப் போவாங்க."

வெயிலில் இருந்தவர்களை இரண்டு பேருமாகத் தூக்கிப் புளியமரத்து நிழலில் வரிசையாக வைத்தார்கள். தாய்மார் பக்கத்தில் குழந்தைகளை வைத்தார்கள். இன்ஜினியர்கள் கனமாக இருந்தார்கள், தண்டபாணி சீட்டுக்கட்டோடு சேர்ந்தும் லேசாகத்தான் இருந்தார். பிறகு துளசிமணி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து, மூடியில் அவருக்கும் சோறு வைத்தாள்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் மைக்கில் நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டது. சற்றுப் பொறுத்து நாற்பத்தெட்டைக் கூப்பிட்டது.