பல் டாக்டர் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜ்

பல் டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு எங்கள் டர்ன்டேபிளில் அந்தக் கார்ட்ரிட்ஜைப் பொருத்திக்கொண்டிருந்தார். நகத்தளவுப் பெட்டி, அதன் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் ஊசி. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடிப் பாட்டை எடுத்துத் தருவது அதுதான். பல வருடம் தேடி அலைந்து வாங்கினாராம். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இவ்வளவு பதமாகத் தூக்கியிருக்க மாட்டார்.

"அண்ணே, இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் உசத்தின்னு ஊரெல்லாம் சொல்றாங்க. நீங்க கேட்டுச் சொன்னாத்தான் நான் நம்புவேன்."

என் கணவர் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

இவருக்குக் காது போய்விட்டது. அது எனக்கும் காது டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அச்சகத்து இயந்திரங்களுக்கு நடுவே நின்று வாங்கிய சம்பளத்தில்தான் இந்த அறை நிறைய இசைத்தட்டு சேர்த்தார். அந்த இயந்திரங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டன. காது மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியபோதெல்லாம், "கையுறை மாட்டிக்கிட்டுச் சாப்பிடச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார். இப்போது அதுவும் உதவாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"வெளிய தெரிஞ்சா ஒருத்தன் இந்தப் படி ஏறமாட்டான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் இவர் காதை நம்பி வருகிறவர்கள். என் காபியைக்கூட ஒருவரும் கவனித்துக் குடித்ததில்லை. அவர்களும் வராமல் போனால் இந்த மனிதர் எதை வைத்துக்கொண்டு பொழுதைத் தள்ளுவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் ஒரு பாடகியின் தட்டைச் சுழலவிட்டு லீவரைத் தள்ளினார். கார்ட்ரிட்ஜைத் தாங்கிய டர்ன்டேபிளின் கை மெல்ல இறங்கியது. அதைப் பார்த்ததும் இவர் கண்களை மூடிக்கொண்டார்.

சத்தமே வரவில்லை. தட்டு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். இந்தப் பெட்டி பழையதைவிட உயரம் குறைவு. கையைத் தாங்கும் கட்டையையும் தாழ்த்தியிருக்க வேண்டும்; பரபரப்பில் மனிதர் மறந்துவிட்டார். ஊசி தட்டைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் நின்றது.

"அடடா, அண்ணே..." என்று தொடங்கியவர், இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இவர் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் நாற்காலியில் தாளம் போட்டது.

"பாடறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறா பாருங்க டாக்டர். மட்டமான கார்ட்ரிட்ஜ்ல அது சீறும். சுமாரானதுல வெறும் காத்து. இதுலதான் அது மூச்சு." கண்ணைத் திறக்கவேயில்லை. "உசத்தின்னா இதுதான். நடுவுல ஊசி ஒண்ணு இருக்கறதே தெரியக்கூடாது."

டாக்டரின் கை தட்டை நோக்கிப் போனது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த அச்சகத்தின்மேல், மறதிக்கார டாக்டரின்மேல், என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட இந்த மனிதரின்மேல். நடிக்கிறாரா, இல்லை நிஜமாகவே உள்ளே எங்கோ கேட்கிறதா? இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை.

இவர் கண்ணைத் திறந்தார். "என்ன டாக்டர், ஒண்ணும் சொல்லாம நிக்கிறீங்க?"

டாக்டர் இவர் முகத்துக்கு நேரே வந்து குனிந்தார். தன்னிடம் வரும் நோயாளிகளைப்போல வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றார்.

இவர் அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சவுண்டைக் கொஞ்சம் குறை. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடப்போறாங்க."

நான் எழுந்துபோய்க் குமிழைத் திருகிக் குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

இன்னும் குறைத்தேன்.