மடியில் வைக்காத துணி

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் பத்துக்குப் பத்து அறை, மூன்று மோட்டார் மெஷின், அதற்குள் நூற்றைம்பது கிறிஸ்துமஸ் ப்ளவுஸ். போதாதென்று மாமல்லபுரத்துச் சபையின் பாடகர் குழுவுக்கு ஒரே நிறத்தில் நாற்பது. எல்லாருக்கும் இருபத்து நான்காம் தேதி காலையிலேயே வேண்டுமாம். நான் கொக்கி வைத்துக் கொடுத்தால்தான் ஆண்டவரே பிறப்பார் என்பதுபோல் வந்து நின்று சண்டை போடுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டேதான் தைப்பேன். அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, ப்ளவுஸ் வாங்காமல் நகரமாட்டேன் என்று வாசல் படியில் நின்றிருந்தாள். அவளை விலக்கிக்கொண்டு காசியம்மாள் உள்ளே வந்தாள்.

காசியம்மாளுக்கு எங்கள் சபைதான். பொத்தேரி ஹாஸ்டலில் பெருக்கித் துடைக்கிற வேலை. செங்கல்பட்டில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்திலிருந்து பழக்கம். அப்போது என்னிடம் கால் மெஷின் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஜான்சன் வேலைக்குக் கிளம்பியதும், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருவேன். கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் துணியை மடியில் வைத்து, அதை உடுத்தப்போகிறவளுக்காக ஜெபம் பண்ணுவேன். ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்தியின் புருஷன் குடிக்கிறான், இன்னொருத்திக்கு ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. அளவு எடுக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களே. ஒரு நாளைக்கு இரண்டு ப்ளவுஸ்தான் ஆகும். ஆனாலும் ஜன்னல் வெயில் மெஷின் பலகைக்கு வந்து சேரும்வரை நான் எழுந்ததில்லை. என்ன நிம்மதி அது! ஜெபம் பண்ணித் தைக்கிறவள் என்ற பேச்சு பரவித்தான் எனக்கு இந்தக் கடையே வந்தது. கடை வந்த பிறகு அந்த அரை மணி ஜெபம் பத்து நிமிஷமாகி, பத்து நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகி, இந்த வருஷம் சுத்தமாக நின்றுபோனது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காசியம்மாள் தன் மகள் பூங்கொடியின் ப்ளவுஸ் துணியைக் கொண்டுவந்தாள். மறுநாள் மகளுக்கு ஆபரேஷன்.

“தைக்கறதுக்கு அவசரம் இல்லக்கா. கொழந்த குறுக்கால கீதாம். இத மடில வெச்சி ஜெபம் பண்ணிடு, அது போதும்” என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து மாமல்லபுரத்திலிருந்து போன். துணியை மேசைமேல் போட்டேன். உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி, தமிழ்ச்செல்வி, மற்ற துணிகளோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டாள். வியாழக்கிழமை முழுக்க எனக்குப் பூங்கொடியின் நினைப்பே வரவில்லை.

சனிக்கிழமை உள்ளே வந்தவள் சொன்னாள், வியாழக்கிழமையே பேரன் பிறந்திருக்கிறானாம். மூச்சு சரியாக விடவில்லையாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்லமுடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவ்வளவையும் காசியம்மாள் அழாமல் சொன்னாள். அக்கா ஜெபம் பண்ணியிருக்கிறது, எனக்குப் பயமில்லை என்று டீச்சரிடம் வேறு சொன்னாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளும் நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போயிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

“நான் ஜெபம் பண்ணல காசி. மறந்துட்டேன்.”

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காசியம்மாள், நான் தைத்துக்கொண்டிருந்த ப்ளவுஸை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“அப்ப இப்ப பண்ணு. அவன் இன்னும் பொட்டிக்குள்ளதான் கீறான்.”

மூன்று மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். காசியம்மாள் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஆண்டவரே” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எத்தனை மாதம் ஆகிவிட்டது! வெட்கமாக இருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். ஸ்டேஷனில் தாம்பரம் போகிற வண்டிக்கு அறிவிப்பு சொன்னார்கள். வாசலில் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் படிக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே வந்து வெட்டுத்துணிகளுக்கு நடுவில் மண்டியிட்டாள்.